கூப்பிடு தூரம்

பழைய நாளில் நம் கிராமங்களில் தூரத்தைக் காலத்தாலும் அளந்தார்கள். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இரண்டு நாழிகை வழி" என்பார்கள். மைலும் கிலோமீட்டரும் பிறகு வந்தவை. ஆகாய விமானம் வந்ததும் நாம் மறுபடி நாழிகைக் கணக்குக்கே திரும்பிவிட்டோம். லண்டன் எவ்வளவு தூரம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மணிக் கணக்கில்தான் பதில் வரும்.

என் நண்பர் ஒருவர் சிட்னியில் இருக்கிறார். அவருடைய அண்ணன் லண்டனில் குடியேறியவர். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியில் இரண்டு பேர் அதிகபட்சம் 20,000 கிலோமீட்டர்தான் விலகி இருக்க முடியும். சகோதரர்கள் அநேகமாக அந்த எல்லைக்கே போய்விட்டார்கள்.

1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து புறப்பட்ட விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கி லண்டன் போய்ச் சேர 4 நாட்களாயின. 1989-ல், டிக்கெட் வாங்கிய பிரயாணிகள் யாரும் இல்லாமல், ஒரு விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிஷத்தில் பறந்தது. 2019-ல் நடந்த ஒரு பரீட்சைப் பயணத்தில் அது 19 மணி 19 நிமிஷமாகக் குறைந்தது. சாதாரணப் பிரயாணிகூட நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறி, சுமார் ஒரு நாளில் போய்விடலாம்.

நண்பர் சென்ற வருஷம் வந்திருந்தபோது, அண்ணனைப் பார்த்து 11 வருஷமாகிவிட்டது என்றார்.

"ஏன், ஏதாவது மனஸ்தாபமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு நாள் பிரயாணம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டேன்."

மூன்று மாதம் கழித்து அண்ணன் காலமாகிவிட்டார். நண்பர் அன்றிரவே விமானம் ஏறி, மறுநாள் லண்டனில் நின்றார். "இவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. 4 நாள் பிரயாணமாக இருந்த காலத்தில் போகாதவனைக் கடல் மன்னித்தது, வழி மன்னித்தது. பழி தூரத்தின் மேல் போயிற்று. யந்திரம் தூரத்தைச் சுருக்கியபோது அந்தப் பழியையும் எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள நாம் தயாராக இருக்கவில்லை.

டிக்கெட்டுக்குப் பணம் வேண்டாமா, லீவு வேண்டாமா, விசா வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். அவை இல்லாதவனுக்குத் தூரம் இன்றைக்கும் தூரமே. அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் என் நண்பருக்கு மூன்றும் இருந்தன. குறைந்தது மனசு என்றும் சொல்ல மாட்டேன், பாசம் இருந்தது. 'எப்போது வேண்டுமானாலும்' என்ற நினைப்பு ஒவ்வொரு வருஷத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டது.

அவருக்கு நீதி சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? என் அக்கா இருக்கும் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் 4 மணி நேரம். விசா வேண்டாம். நான் போய் மூன்று வருஷமாகிறது. காலையில் ஒரு பஸ் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு சாக்குதான்.