செயலும் அதற்குரிய காரணமும்

தன் செயலுக்குத் தானே சிறந்த சாட்சி என்பது மனிதனின் உறுதியான நம்பிக்கைகளுள் ஒன்றாகும். ‘ஏன் இவ்வாறு செய்தாய்?’ என வினவப்படுவோர் விடையின்றி நிற்பது அரிது. ஆயின், அவ்விடை செயலைப் பிறப்பித்த காரணந்தானா, அன்றிச் செயலுக்குப் பொருந்துமாறு பின்னர் அமைத்துக்கொண்ட கற்பிதமா என்பது ஆராயற்பாலது.

அமெரிக்க உளவியலாளரான றிச்சர்ட் நிஸ்பெற், திமொதி வில்சன் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் நோக்கத்தக்கது. வேறுபாடு எதுவுமற்ற நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, தரத்திற் சிறந்ததைத் தெரிவுசெய்யுமாறு மக்களைக் கேட்டனர். வலப்புற இறுதியில் இருந்ததை நூற்றுக்கு 40 பேரும், இடப்புற இறுதியில் இருந்ததை நூற்றுக்கு 12 பேருமே தெரிந்தனர். தெரிவைப் பாதித்தது இருந்த இடமே. ஆயினும் காரணங் கூறியோருள் ஒருவரேனும் இடத்தைச் சுட்டவில்லை. இடம் காரணமாகலாமோ என வினவியபோது ஏறத்தாழ அனைவரும் மறுத்தனர். அவர்கள் பொய்யுரைத்தாரல்லர், தாம் அறியாததை அறிந்ததாக நம்பினர்.

காலுறையைப் பொறுத்தவரை இத்தவறால் தீங்கில்லை. பிறரை வருத்தும் பழக்கங்களில் நிலை வேறு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்த பின்னரும், இலங்கைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பகிடிவதை முற்றாக ஒழியவில்லை. ஏற்றத்தாழ்வை நீக்கிப் புதுமுக மாணவரிடையே சமத்துவத்தை ஏற்படுத்தவே அதனைச் செய்வதாகச் சிரேட்ட மாணவர் சிலர் கூறுவர். அவர்கள் அதனை மனமார நம்பவுங்கூடும். எனினும், நம்பிக்கையின் தூய்மை காரணத்தின் உண்மைக்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின், உண்மைக் காரணத்தை அறியும் வழி யாது? உள்ளத்தை மேலும் துருவுவதைவிடச் செயலைச் சோதிப்பதே தக்கது. சமத்துவமே நோக்கமெனின், எவரையும் இழிவுபடுத்தாது அதனை அடையும் வழியொன்று காட்டப்படும்போது பகிடிவதை மகிழ்வுடன் கைவிடப்படல் வேண்டும். கைவிட மனம் இசையாதெனின், கூறப்பட்ட காரணம் செயலின் வேர் அன்று, அதன் போர்வையே.

தன் காரணத்தை அறியாதவன் குற்றமற்றவன் அல்லனோ எனச் சிலர் வினவலாம். அறியாமை ஓரளவு மன்னிக்கத்தக்கதே. ஆனால், சோதித்தறியும் வழி இருந்தும் அதனைத் தவிர்ப்பது அறியாமையன்று. அது தெரிந்தே மேற்கொள்ளும் ஒரு தெரிவாகும். பிறரின் காரணங்களை ஐயுறுவதில் மனிதன் காட்டும் கூர்மையைத் தன் காரணங்கள்மீதும் திருப்புவானாயின், அதுவே அறவாழ்வின் தொடக்கம் எனலாம்.