மறக்கருணைக்கு உரியவர் யார்?

இறைவனுடைய அருளை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இருவகைப்படுத்திச் சொல்வது சைவ மரபு. நன்னெறியில் நிற்பவனுக்கு இன்பமாக வந்து வாய்ப்பது முன்னது; நெறி பிறழ்ந்தவனைத் துன்பத்தின் வாயிலாகவே திருத்தி ஆட்கொள்வது பின்னது. சொற்கேளாத பிள்ளையைப் பெற்றோர் அதட்டுவதும், வளாரால் அடிப்பதும், கட்டிப்போடுவதுங்கூட ஆராய்ந்து பார்த்தால் பரிவின் காரியமே என்றும், ஈசனுடைய முனிவும் அத்தன்மையதே என்றும் சிவஞான சித்தியார் உரைக்கிறது. அருணந்தி சிவாசாரியர் அங்கே விளக்க எடுத்துக்கொண்டது கடவுளின் செயலை. பெற்றோரின் பிரம்பு அதற்கு வந்த உவமானம் மாத்திரமே. ஆயினும், முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று பழமொழி வழங்கும் நாட்டில், அந்த உவமானத்தையே பிரமாணமாகக் கொண்டு பிரம்பைக் கையிலெடுத்தவர்கள் அநேகர்.

நிலைகுலைந்த மனத்தோடு, வீட்டாருக்கு அடங்காமல், தன் உடம்பைத் தானே கீறிக்கொண்டோ, உண்ண மறுத்தோ, கண்டவரைத் தாக்கியோ நாட்களைக் கழிக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு விடுதியில் வைத்தே சிகிச்சை செய்ய வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு நேர்ந்துவிடுகிறது. அவ்விடுதியை நடத்துகிறவர்கள் மறக்கருணையைத் தம் கையில் எடுத்துக்கொள்ள உரியவர்களா என்பதே என் விசாரணை.

அமெரிக்காவில் உரியவர்களே என்று துணிந்து சொன்ன ஒரு கூட்டம் உண்டு. 1958-இல் சார்லஸ் டெடரிக் என்பவர் போதைக்கு அடிமையானவர்களுக்காகக் கலிபோர்னியாவில் தோற்றுவித்த சினனான் என்ற ஸ்தாபனத்தில், எல்லோரும் வட்டமாக அமர்ந்து ஒருவனுடைய குற்றங்களை அவன் முகத்துக்கு நேரே இரைந்து எடுத்துரைத்து, அவன் உள்ளம் உடையும் வரை விடாது தாக்குவதைச் சிகிச்சையாகக் கொண்டார்கள். இம்முறை 1960களின் பிற்பகுதி முதல் இளம்பிராயத்தினருக்கான விடுதிப் பள்ளிகள் சிலவற்றிலும் புகுந்தது. முதலில் உடைத்தால்தான் பின்பு உருவாக்கலாம் என்பது அதன் தத்துவம். பெற்றோரின் சம்மதத்தோடு, நள்ளிரவில் அந்நியர் வந்து படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோன பிள்ளைகளுள் ஒருவராகிய பாரிஸ் ஹில்டன், தம் அனுபவத்தை ஊரறியச் சொன்னதோடு நில்லாமல், மற்றவர்களையும் திரட்டிப் பல ஆண்டுகள் போராடினார். இவ்விடுதிகளில் நிகழும் கொடுமைகளை ஆராய வழிசெய்யும் சட்டமொன்று 2024 டிசம்பரில் அங்கே நிறைவேறியது. அனுப்பிவைத்த பெற்றோரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை செத்துப்போய்விடுவானோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்கள் அவர்கள். அந்தப் பீதிக்கு யாரேனும் உறுதிமொழி கொடுத்தால் அதைப் பற்றிக்கொள்ளத்தானே தோன்றும்!

ஆனால் மறக்கருணை என்பது, சித்தாந்தத்தின்படியே, இரண்டு தகுதிகள் பொருந்திய ஒருவனுக்கே உரியது. தண்டிக்கப்படும் உயிரின் பக்குவம் எவ்வளவு, எந்த வேதனை எந்த அளவில் எத்தனை காலம் அதற்குப் பயன்படும் என்பதைப் பிழையின்றி அறிந்தவனாக அவன் இருக்க வேண்டும். அந்தத் தண்டனையால் தனக்கென்று எய்தும் பயன் ஒன்றும் இல்லாதவனாகவும் இருக்க வேண்டும். மனிதருள் யாருக்கு இவை உண்டு? பிள்ளை முகத்தில் துப்பிய கணத்தில் எழும் கோபமும், இரவுப்பணியின் அலுப்பும், தோற்றுவிட்டோமோ என்ற மானமும், விடுதிக்கு வந்து சேரும் கட்டணமும் மனிதனுடைய தீர்ப்பில் கலந்துவிடுகின்றன.

வேதனையின்றித் திருத்த இயலுமா என்று கேட்பவர்களுக்கு ஆகஸ்ட் ஐக்கார்னின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், முதல் உலகப்போர் முடிந்ததும், ஓபர்ஹோலாபுருன் என்ற ஊரில் அகதிகள் வெறிதாக்கிச் சென்ற பாசறைக் கொட்டகைகளில் வழிதவறிய சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அவர்களுள் எந்தக் குழுவிலும் சேர்க்கவொண்ணாத மூர்க்கர்களான பன்னிரண்டு பேரைத் தனியே பிரித்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். விசாரித்துப் பார்த்தபோது, அவர்களுள் அன்போடு வளர்க்கப்பட்டவன் ஒருவனும் இல்லை. எல்லோரும் அளவுகடந்த அடியும் கொடுமையும் பட்டவர்கள். இன்னும் கடுமை காட்டுவதால் என்ன விளையும் என்று எண்ணிய அவர், உயிருக்கு அபாயம் நேராதவாறு காப்பதைத் தவிர வேறு தடையொன்றும் செய்யலாகாது என்று தம் உதவியாளர்களுக்குக் கட்டளையிட்டார். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, கதவுகள் பிளந்தன, மேசையில் கூடி உண்பது நின்றுபோய், ஒவ்வொருவனும் தன் உணவோடு ஒரு மூலையில் குந்தி அதை விழுங்கலானான்.

ஒருநாள் ஒரு பையன் ரொட்டி அறுக்கும் பெரிய கத்தியை மற்றொருவனுடைய கழுத்தில் வைத்து, கொன்றுவிடுவேன் என்று கூவினான். ஐக்கார்ன் அருகிலேயே நின்றார். அது தம்மைக் கலக்குவதற்காகவே நடிக்கப்படுவது என்பதை உணர்ந்து, கண்டும் காணாதவர்போல் இருந்தார். தான் எதிர்பார்த்த அடி விழாமற்போகவே, பையன் கத்தியைத் தரையில் எறிந்தான், காலை உதைத்துக்கொண்டான், சொல்லற்ற ஓலமிட்டான், பிறகு விம்மி விம்மி அழுது, களைத்து உறங்கிப்போனான். அத்தகைய அழுகைகளுக்குப் பின்னர் அந்தப் பன்னிருவரும் சிறிது சிறிதாகப் பெரியவர்களிடம் ஒட்டிக்கொண்டார்கள். கல்விக்கும் கட்டுப்பாட்டுக்கும் அதன் பிறகே இடமுண்டாயிற்று. பிராய்டின் முன்னுரையோடு 1925-இல் வெளிவந்த அவருடைய நூலில் இவை பதிவாகியிருக்கின்றன. எல்லாருக்கும் துணிந்து பிரயோகிக்கத்தக்க முறையன்று இது. ஆயினும், அடிக்கு அடியே விடை என்ற எண்ணம் பொய் என்பதற்கு இது ஒன்று போதும்.

மறக்கருணைக்குச் சைவர் காட்டும் தலையாய சான்று, சமணம் சார்ந்திருந்த அப்பரை மீட்கச் சிவபெருமான் அருளிய சூலை என்னும் வயிற்றுநோய். சேக்கிழார் சொன்ன அந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போது நாம் நோயையும் அதை அருளியவனையுமே நோக்கிவிட்டு, தமக்கையாரைக் கடந்துபோய்விடுகிறோம். தாய் தந்தையரை இழந்த இளம்பிராயத்தில், பின்னாளில் அப்பரான மருள்நீக்கியார்க்குத் துணையாக எஞ்சியவர் திலகவதியார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்தவர், தம்பி வேண்டிக்கொண்டதற்காக உயிர் தாங்கியவர். தம்பி சமணம் சார்ந்து தருமசேனராகிய பின்பு அவர் இறைவனிடம் கேட்டது அவனை மீட்டுத்தர வேண்டும் என்பதே. நோய் கொடு என்று அவர் கேட்கவில்லை. நோயுற்ற தம்பி ஆளனுப்பி அழைத்தபோது அவனிருந்த சமணப் பள்ளிக்கு வர இசையவில்லை. இரவில் அவன் தானே வந்து காலில் விழுந்தபோது, சென்றதைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். எல்லையும் விட்டுக்கொடாமல், தண்டனையும் கைக்கொள்ளாமல் நின்ற இந்த நிலையே மனிதருக்கு வாய்த்த பங்கு என்று நான் நம்புகிறேன். சூலையைக் கொடுக்கும் பாத்திரம் மனிதருக்கு வகுக்கப்படவில்லை.

அப்படியானால் கதவைப் பூட்டவே கூடாதா என்று கேட்கலாம். இன்றிரவு உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்திருக்கும் பெண்ணை அவள் இச்சைப்படி விட்டுவிடுவது சுதந்திரத்தை மதிப்பதாகாது, காவாமல் கைவிடுவதாகும். ஆகவே பூட்டலாம், ஆனால் பூட்டுக் காவலாகவே இருக்க வேண்டும், பாடம் புகட்டும் கருவியாகிவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவும் வகையின்றி மாண்டதை நாம் கண்டிருக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றிலும் விலக்கியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரை வேறு வழியில்லாத விசேஷ நிலையில் மட்டுமே மருத்துவமனையில் சேர்க்கலாம் என்றும், அவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது என்றும், அவருடைய பிரதிநிதியாக உள்ளவரோ அவர் நியமிக்கும் ஒருவரோ சிகிச்சை முடியுமட்டும் உடன் தங்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. இந்தக் கடைசி விதி நம் நாட்டு அனுபவத்தோடு இசைந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரங்கள் அமைத்து உறவினரையும் நோயாளரோடு தங்கவைத்தார். வேலூரை அடுத்த பாகாயத்து மனநல மையத்திலும் குடும்பத்தார் உடனிருந்தே சிகிச்சை நடக்கும் வழக்கம் வேரூன்றியது.

பெற்றவரே புண்ணுக்குக் காரணமாயிருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பக்கத்தில் யாரைத் தங்கவைப்பது? பிரதிநிதியாகிய காப்பாளர் பிள்ளையின் நலத்துக்கு மாறாக நடக்கிறார் என்று காட்டினால் மனநல மறுஆய்வு வாரியம் தகுந்த வேறொருவரை நியமிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. நியமிப்பதற்கு ஆள் வேண்டுமே! பிறர் பிள்ளையோடு வாரக்கணக்கில் தங்கி, அதன் வசவையும் அழுகையையும் பொறுத்து, கை ஓங்காமல் இருக்கப் பயின்ற ஆண்களும் பெண்களும் வேண்டும். அவர்களுக்கு ஊதியமும் ஓய்வும் வேண்டும். அப்பர் சுவாமிகளின் குருபூஜையை ஆண்டுதோறும் சிறப்பாக நடத்தும் மடங்களும் சபைகளும் மாவட்டத்துக்குச் சிலரையேனும் இதற்கென்று பயிற்றி, அவர்களுடைய செலவை ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.