கொடி ஏற்றும் நாளில் துக்கம்

ஆகஸ்ட் 15 என்ற தேதியைத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகப் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரியில் அறிவித்திருந்தார். கடைசி வைஸ்ராயாக வந்தவர் அந்தக் கெடுவைப் பத்து மாதம் முன்னுக்கு இழுத்தார். போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அவர், ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்த நாளைச் சொன்னதாகப் பிற்பாடு கூறியிருக்கிறார்.

இந்தியர்கள் தாங்களே தேர்ந்து வைத்திருந்த நாள் வேறு. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. ராவி ஆற்றங்கரையில் நேரு கொடி ஏற்றினார். 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராக மக்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அதன்பின் பதினேழு ஆண்டுகள் சுதந்திர நாள் என்றால் ஜனவரி 26தான். அந்தத் தேதியின் நினைவு அற்றுப்போகக் கூடாது என்றே, 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26இல் முழு நடைமுறைக்கு வந்தது. உறுதிமொழி பிறந்த லாகூரும் ராவிக்கரையும் அதற்குள் இன்னொரு நாட்டுக்குப் போயிருந்தன.

ஒரு நாடு தன் பெருநாளில் குடிமக்களிடம் மகிழ்ச்சியை எதிர்பார்க்கிறது. அதே நாளில் வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். வந்த விடுதலை தங்கள் தெரு வரை வரவில்லை என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் அந்த மகிழ்ச்சியைக் கேட்க நாட்டுக்கு உரிமை உண்டா? கேட்டால் அவர்கள் மறுக்கலாமா? இந்திய வரலாற்றில் இந்தக் கேள்வி பல முறை எழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு.

பஞ்சாபையும் வங்காளத்தையும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரிக்க வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் அதற்குமுன் இந்தியாவைப் பார்த்ததில்லை. 1947 ஜூலை 8இல் வந்து இறங்கினார்; ஐந்தே வாரத்தில் கோடு போட்டு முடித்தார். ஆகஸ்ட் 15க்கு முன்பே முடிந்துவிட்ட அந்தத் தீர்ப்பை, விழாக்கள் நடந்து முடியட்டும் என்று மவுண்ட்பேட்டன் நிறுத்திவைத்தார். அது வெளியானது ஆகஸ்ட் 17இல். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியிருந்தது. தீர்ப்பு அதை இந்தியாவோடு சேர்த்தது. குல்னாவில் இந்தியக் கொடி ஏறியிருந்தது. தீர்ப்பு அதைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. வங்கத்தின் நதியா மாவட்டத்தில் இன்றும் சில ஊர்கள் ஆகஸ்ட் 18இல் விடுதலை நாள் கொண்டாடுகின்றன. இடம்பெயர்ந்தவர்கள் 1 கோடி 20 லட்சம் முதல் 1 கோடி 50 லட்சம் வரை என்பது கணிப்பு. இறந்தவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மாண்டவர்களை எண்ணக்கூட ஆளில்லாமல் போன காலம் அது.

கொண்டாட்டம் கெடக்கூடாது என்பதற்காக, தன் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்ற செய்தியை ஒரு மனிதனிடமிருந்து மறைப்பது அறமாகாது. தெருவில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த வீட்டுக் கல்யாண மேளத்தை அடக்கி வாசிப்பது தமிழ்நாட்டு ஊர்களின் வழக்கம். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அழுகிறவர் காதில் மேளம் எப்படி விழும் என்று மேளக்காரர் நினைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். 1947இல் டெல்லியில் மேளம் அடங்கவில்லை. அதற்காக அங்கே கூடிய லட்சக்கணக்கான எளிய மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. செய்தி அவர்களுக்கும் மறைக்கப்பட்டிருந்தது.

காந்தி அன்று டெல்லியில் இல்லை. கல்கத்தாவின் பேலியாகட்டா பகுதியில், ஹைதரி மன்சில் என்ற பாழடைந்த வீட்டில் தங்கியிருந்தார். நவகாளிக்குப் புறப்பட்டு வந்தவரை, கல்கத்தாவிலேயே இருந்து தங்களைக் காக்கும்படி நகரத்து முஸ்லிம் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சுஹ்ரவர்தி தன்னோடு அதே வீட்டில் தங்க வேண்டும் என்று காந்தி நிபந்தனை வைத்தார். ஓராண்டுக்கு முன், 1946 ஆகஸ்ட் 16 தொடங்கிச் சில நாட்களுக்குள் அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது வங்காள அரசின் தலைவராக இருந்தவர் அதே சுஹ்ரவர்தி. விடுதலைக்கு முந்தைய இரவு அந்த வீட்டைச் சூழ்ந்த கூட்டத்தில் ஒருவர், அந்தப் படுகொலைக்கு நீங்கள் பொறுப்பில்லையா என்று அவரிடம் கேட்டார். அவர் மழுப்பாமல் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டார். கூட்டத்தின் கொதிப்பு தணிந்தது. மறுநாள் இந்துக்களும் முஸ்லிம்களும் அந்த நகரத் தெருக்களில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள்.

காந்தி அந்த நாளை உண்ணாமல், நூல் நூற்று, பிரார்த்தனையில் கழித்தார். விடுதலை நாளுக்கு ஒரு செய்தி வேண்டும் என்று வந்தவர்களுக்கு அவர் எதுவும் தரவில்லை. கொண்டாடியவர்களை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் இல்லை. அடுத்தவர் அச்சமில்லாமல் கொண்டாடுவதற்கு என்ன வேலை பாக்கியிருந்ததோ அதைச் செய்தார். ஆகஸ்ட் 31இல் வன்முறை மறுபடி தலைதூக்கியதும் செப்டம்பர் 1 முதல் 4 வரை உண்ணாவிரதம் இருந்து நகரத்தை அடக்கினார். ஒரு தேச நாளில் துக்கப்படுகிற மனிதர் எப்படி நடந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தழுவலுக்கு முந்தைய இரவில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதும் இங்கே முக்கியம். அது நடந்திராவிட்டால் மறுநாள் மகிழ்ச்சிக்கு அடித்தளமே இருந்திருக்காது.

சென்னை மாகாணத்தில் கேள்வி வேறு முகத்தோடு வந்தது. ஆட்சி வெள்ளையரிடமிருந்து பார்ப்பன, பனியாக் கைகளுக்கு மாறுகிறது, சூத்திரருக்கும் தீண்டப்படாதவருக்கும் இதில் விடுதலை ஏதும் இல்லை என்று சொல்லி, ஆகஸ்ட் 15ஐத் துக்க நாளாகக் கொள்ளும்படி பெரியார் திராவிடர் கழகத்தாரைக் கேட்டுக்கொண்டார். அண்ணா தன் தலைவரை வெளிப்படையாக மறுத்து 'திராவிட நாடு' இதழில் எழுதினார். இயக்கத்துக்கு எதிரிகள் இருவர். அவர்களில் ஒருவராகிய அந்நியர் வெளியேறும் நாள் இன்ப நாளே என்பது அவர் வாதம். துக்கம் காத்தால் கழகத்தை வெள்ளையரின் கையாள் என்று ஊர் பேசும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. 1949 செப்டம்பரில் தி.மு.க. தனியாகப் பிறந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு என்றாலும், விரிசலின் முதல் கோடுகளில் ஒன்று இந்தத் தேதியில் விழுந்தது.

இரண்டு நிலைக்கும் நியாயம் இருக்கிறது. அண்ணாவின் பக்கத்தில் நன்றி என்ற கடமை நிற்கிறது. தூக்கில் தொங்கியவர்களும் சிறையில் செத்தவர்களும் காங்கிரஸ் தலைவர்களுக்காக அதைச் செய்யவில்லை. அந்த நாளை மறுப்பது ஆட்சிக்கு வந்தவர்களைவிட அவர்களையே அதிகம் புண்படுத்தும். பெரியாரின் பக்கத்தில் உண்மை என்ற கடமை நிற்கிறது. கோயிலுக்குள் போக முடியாதவரையும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க முடியாதவரையும் பார்த்து நீ விடுதலை பெற்றுவிட்டாய் என்று சொன்னால் அது பொய். பொய்க்குத் தலையாட்ட யாரும் கடமைப்பட்டவர் இல்லை. பத்தாண்டு கழித்து, அரசியலமைப்பு ஏற்கப்பட்ட அதே நவம்பர் 26ஐத் தேர்ந்தெடுத்து, சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளை 1957இல் எரிக்கச் சொன்னார் பெரியார். ஆயிரக்கணக்கானோர் எரித்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். வேறொரு நாளில் எரித்திருந்தால் நாடு திரும்பிப் பார்த்திருக்காது. பெருநாளில் துக்கம் அறிவிக்கிறவர் நாட்டை உதறித் தள்ளுகிறார் என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. அந்த நாள் சொல்லும் வாக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று வழக்காடுகிறவர் அவர்.

நாடு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1986இல் ஒரு எல்லை காட்டியது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். வாய் திறந்து பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பாடும்படி கட்டாயப்படுத்தச் சட்டம் எதுவும் இல்லை, எழுந்து நின்றதே போதிய மரியாதை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மறுபடி சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகளைத் தடுத்தது துக்கம் இல்லை, சமய நம்பிக்கை. ஆனாலும் அந்த எல்லை இங்கும் பொருந்தும். அடுத்தவர் கொடிக்கு முன் நிற்பதைக் கெடுக்காமல் இருக்கும்படி குடிமகனிடம் கேட்கலாம். அவன் உள்ளத்தில் எழாத உணர்ச்சியை வாயால் சொல்லச் சொன்னால் நாடு தன் வரம்பைத் தாண்டுகிறது.

1965இல் மெட்ராஸ் மாநிலம் இந்த வரம்பின் விளிம்பில் நின்றது. அரசியலமைப்பு தொடங்கிய நாளிலிருந்து பதினைந்து ஆண்டில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் என்ற விதியின்படி, குடியரசின் ஆண்டு விழாவான ஜனவரி 26தான் அந்தக் கெடு முடியும் நாளும் ஆயிற்று. தி.மு.க. அதைத் துக்க நாளாக அறிவித்தது. குடியரசு நாளின் புனிதத்தைக் கெடுக்க விட மாட்டோம் என்றார் முதலமைச்சர் பக்தவத்சலம். பிறகு துக்க நாள் ஒரு நாள் முன்னுக்குத் தள்ளப்பட்டது. அப்படியும் அண்ணாவும் ஆயிரக்கணக்கான கட்சியினரும் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். அடுத்த வாரங்களில் துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் பல உயிர்கள் போயின. ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி பிப்ரவரி 11இல் வானொலியில் உறுதி சொல்ல வேண்டிவந்தது. தேதியை விட்டுக்கொடுத்தவர்கள் துக்கத்தில் இருந்தவர்களே என்பதை இன்று நினைப்பவர் குறைவு. அரசு அப்போது பதிலுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் அறத்திலும் தவறு, ஆட்சித் திறத்திலும் தவறு. இன்று தமிழ்நாட்டில் ஜனவரி 25 மொழிப்போர் ஈகியர் நாள். 1964இல் அதே நாளில் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியும் அன்று நினைக்கப்படுகிறார். மறுநாள் அதே ஊர்களில் கொடி ஏறுகிறது. இரண்டிலும் கலந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரிவதில்லை.

அரசே துக்கத்தைக் கையில் எடுக்கும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. 2021இல் இந்திய அரசு ஆகஸ்ட் 14ஐப் பிரிவினைக் கொடுமைகளின் நினைவு நாளாக அறிவித்தது. எழுபது ஆண்டுக்கும் மேலாக அகதிக் குடும்பங்கள் தனித்தனியே சுமந்த துயரை நாடு பொதுவாக ஏற்பது நல்லதே; அது வெகு காலம் தாமதமாகிவிட்ட கடன். தேதிதான் உறுத்துகிறது. ஆகஸ்ட் 14 பாகிஸ்தானின் விடுதலை நாள். 1948இல் வெளியான அந்நாட்டின் முதல் விடுதலைத் தபால்தலைகளில் ஆகஸ்ட் 15 என்றே அச்சாகியிருந்தது. அந்த ஆண்டு முதல் அவர்கள் 14இல் கொண்டாடுகிறார்கள். அண்டை வீட்டார் விழா நாளைத் தன் துக்க நாளாக வைத்துக்கொண்டால், துயரத்துக்குக் காரணம் முழுக்க அந்த வீடுதான் என்ற பொருள் தானாகவே ஏறிவிடுகிறது. அமிர்தசரஸ் நகர மண்டபத்தில் 2017இல் அமைந்த பிரிவினை அருங்காட்சியகத்தார் இதே நினைவுக்கு ஆகஸ்ட் 17ஐத் தேர்ந்தார்கள். அது ராட்கிளிஃபின் கோடு வெளியான நாள். இரு நாடுகளுக்கும் அது விழா நாள் இல்லை. நினைவுக்கு அதுவே பொருத்தமான தேதி.

தேதியைவிடப் பெரிய சோதனை, அன்று யாருடைய சாவு சொல்லப்படுகிறது என்பது. 1941 கணக்கெடுப்பின்போது அமிர்தசரஸ் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள். லாகூர் நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்துக்களும் சீக்கியர்களும். 1947 முடிவதற்குள் இரு நகரங்களிலும் அந்தப் பங்கு ஏறக்குறைய முற்றிலும் இல்லாமல் போயிற்று. மேற்குப் பஞ்சாபில் கொல்லப்பட்ட சீக்கியருக்காகவும் இந்துக்களுக்காகவும் இந்தியா அழுவது இயல்பு. அதே ஆகஸ்டில் கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்களைக் கொன்றவர்கள் இந்தியாவாகிப்போன மண்ணில் இருந்தவர்கள். அந்தச் சாவுகளையும் அதே மேடையில், அதே குரலில் சொன்னால்தான் அந்த நாள் நினைவு நாள். லாகூரில் விழா எடுப்பவர்களுக்கும் ராவல்பிண்டிக் கிராமங்களில் 1947 மார்ச்சில் சீக்கியரும் இந்துக்களும் கொல்லப்பட்டதைச் சொல்லும் கடமை இதே அளவுக்கு உண்டு. பஞ்சாபிலும் வங்காளத்திலும் அதைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றைப் பதிவுசெய்யும் வேலை இரு நாடுகளிலும் பெரும்பாலும் தனியார் முயற்சியாகவே நடந்துவருகிறது.