பத்திரமாகப் போய்ச் சேர்தல்

மரக்காணம் உப்பளத்தில் விடியற்காலையில் நின்றால் பாத்தித் தண்ணீரில் வானம் அப்படியே கிடப்பதைப் பார்க்கலாம். அந்த வானத்தில் ஒரு விமானம் கோடு கிழித்துக்கொண்டு போகிறது. குனிந்து உப்பு வாருகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அவர் காலடியிலேயே அது போய்க்கொண்டிருக்கிறது. இதை அழகு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு இந்தக் காட்சி ஒரு தார்மீகப் பிரச்னையாகவே படுகிறது. மேலே போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர உலகம் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கிறதே, அந்தச் சிரத்தை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

சிரத்தையை நான் கேலி செய்யவில்லை. தன் தவறைத் தானே துருவிப் பார்க்கும் துணிச்சல் விமானத் துறைக்கு இருப்பதுபோல மனிதர்கள் உண்டாக்கிய வேறெந்த ஸ்தாபனத்துக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 வங்கக் கடலின் மேல் காணாமற் போயிற்று. தேடினார்கள், கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. ஏழரை வருஷம். ஒருவரும் பிழைத்திருக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் 'எங்கே' என்ற கேள்வி உயிரோடு இருந்தது பெரிய விஷயம். விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவது அதன் வேலையில்லை என்று சர்வதேச விதியே சொல்கிறது. நம் இலக்கிய விமர்சனத்துக்கு இந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை.

இந்தத் துறை கண்டடைந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது பெட்டி பற்றிய ஒரு விதி. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? கொழும்பு போக வேண்டிய பெட்டிகள்; ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. நிலையத்துக்குள்ளேயே வெடித்துச் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக்கின் மேல் சிதறியது. 329 பேர். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெட்டி, சொந்தக்காரன் இல்லாமல் தனியாகவே பயணம் செய்திருந்தது. இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான் ஏறாத பயணியின் பெட்டியும் ஏறக்கூடாது என்பது உறுதியான நடைமுறையாயிற்று.

அலுவலகக் குறிப்பு மாதிரித் தோன்றும் இந்த விதிக்குள் ஒரு முழு அறவியலே இருக்கிறது. ஆபத்தைக் கொண்டுவருகிறவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார வேண்டும் என்றால் கொண்டுவரமாட்டான். (தன் உயிர்மேல் ஆசை உள்ளவனுக்குத்தான் இது பொருந்தும் என்று 2001 செப்டம்பர் 11 காட்டிவிட்டது. அது வேறு விவகாரம்.) என் சந்தேகம் எல்லாம், பயணியிடம் இத்தனை கறாராக இருக்கிற விமானம், தான் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு இதே விதியை ஏன் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான். புகையும் ஒரு பெட்டிதான். அது இறங்கும் இடத்தில் அதன் சொந்தக்காரர் யாரும் இருப்பதில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அன்று பகலிலேயே சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் திறந்தார்கள். மூடியது சரிதான். மரக்காணத்தில் உப்பளங்கள் முழுகிப்போயின. உப்பு விளையும் பருவம் முடிந்துவிட்ட மாதம்தான் அது. ஆனால் உப்பளத்தின் நஷ்டம் கரைந்த உப்போடு தீர்ந்துவிடாது. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து பாத்தியை நிரப்புகிறது, வரப்புகளைக் கரைக்கிறது. நல்ல தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, களித்தரையை மிதித்து மிதித்து இறுக்கி, கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி முற்றவைத்து, முதல் உப்பு கண்ணில் படுவதற்கு வாரக்கணக்காகும். மழை மாதங்களுக்கென்று அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் புயலைப் பற்றிக் கேட்டேன். "பேஞ்சிது, போச்சு. யார்ட்ட போயி சார் கேக்கறது?" என்றார். இது அலுப்பில் வந்த பேச்சு என்று முதலில் நினைத்தேன். யோசித்தால் மிகத் துல்லியமான கேள்வி. ஏ.என்.-32க்குக் கேட்க ஆள் இருந்தது. பாத்திக்கு இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். அந்தப் புயலை எந்த விமானம் கொண்டுவந்தது? எந்த விமானமும் இல்லை. புயல்கள் இந்தக் கரைக்குப் புதியவையும் அல்ல. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம், அவை விட்டுச்செல்லும் வெண்கோடுகளையும் மற்றவற்றையும் சேர்த்தால் வெப்பமூட்டலில் சுமார் 3.5 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அது யாருடைய எண் என்றும் பார்க்க வேண்டும். 2018இல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள் என்றும், பயணி விமானங்களின் புகையில் பாதிக்கு வெறும் 1 சதவீதம் பேர் பொறுப்பு என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகப் பார்த்தால் நிரபராதிதான். குற்றவாளி இல்லாத தீங்கை என்ன செய்வது என்று நம் பழைய அறநூல்களில் தேடிப் பிரயோஜனம் இல்லை. அவை ஒருவன் இன்னொருவனுக்குச் செய்ததை மட்டுமே எடை போடத் தெரிந்தவை.

பறவைகளின் கதை இன்னும் விசித்திரம். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வருகிறவற்றுக்கு அது ஒரு தங்குமிடம். விமானத்தின் அகராதியில் பறவை என்பது ஆபத்து. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துகள் மோதிய விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கி 155 பேரும் பிழைத்தார்கள், உலகமே கொண்டாடியது. அதற்குப் பிறகு அந்த நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகளைப் பிடித்துக் கொன்றதை யாரும் கொண்டாடவில்லை, வருந்தவும் இல்லை. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் மூவானில் 179 பேர் இறந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் கிளுவைகளின் எச்சங்கள் இருந்தன. ஓடுபாதையின் முடிவில் நின்ற கான்கிரீட் மேடும் அந்தச் சாவுகளில் பங்கு கொண்டது. பறவைகள் வரும் சேற்றுப்படுகைகளுக்குப் பக்கத்தில் நிலையத்தைக் கட்டியதும், ஓடுபாதைக்கு எதிரே மேட்டை எழுப்பியதும் கிளுவைகள் செய்த காரியமில்லை.

தரையில் நிற்பவர்கள் விமானத்தின் கணக்கில் வருவது அது தலையில் விழும்போதுதான். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் விழுந்த விமானத்தில் 241 பேர் இறந்தார்கள்; தரையில் 19 பேர். அந்த மாணவர்கள் சீட்டு வாங்கவில்லை, எங்கும் போகவும் இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரிகளையும் வயல்களையும் பற்றி எழுப்பிவரும் கேள்வியும் உப்பளத்துப் பெரியவர் கேட்டதுதான்.

சர்வதேச விமான அமைப்பு 2016இல் ஓர் ஏற்பாடு செய்தது. அளவுக்கு மேல் வெளியிட்ட புகைக்கு ஈடாக வேறெங்கோ நடக்கும் புகைக் குறைப்புக்குப் பணம் கட்டலாம். 2027இலிருந்து இந்தியாவும் அதற்குள் வருகிறது. இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பெட்டியை அடுத்தவர் பெயரில் பதிவு செய்வதை நிலையத்தில் ஒரு நிமிஷம்கூட அனுமதிக்க மாட்டார்கள்.

அந்தப் பெரியவரின் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விமானத்தில்தான் வருகிறான். அவன் அனுப்பும் பணத்தில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். விமானமே வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கும் அடுத்த மாதம் ஒரு பயணம் இருக்கிறது, சீட்டு வாங்கியாயிற்று. பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்வதுதான் வழக்கம்.