ஏலத்தில் போன பொருள்

ஒரு பொருளை விற்றுவிட்டால் அதோடு நமக்குள்ள உறவு தீர்ந்துவிடுகிறது என்பது சந்தையின் நியாயம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவன், முட்டுகிற மாட்டை முட்டுகிற மாடு என்று சொல்லியா விற்கிறான்? வாங்குகிறவன் சுழி பார்ப்பான், பல் பார்ப்பான். மாட்டை அவனும் அறிவான். இருவருக்கும் தெரியும் என்ற இந்தச் சமநிலைதான் சந்தை நியாயத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்குகிறவனுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒன்றை, தெரிந்துகொள்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம் விற்கும்போது அந்த நியாயம் என்ன ஆகிறது?

டெல்லிப் பல்கலைக் கழகத்தில் 1968 முதல் ஒரு காமா செல் இருந்தது. கனடாவில் செய்தது. கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட்-60. ரசாயன ஆராய்ச்சிக்காக வாங்கப்பட்டது. 1985க்குப் பிறகு அதை யாரும் உபயோகிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் சும்மா கிடந்துவிட்டு, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் போயிற்று. மேற்கு டெல்லியில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் பழைய இரும்பை என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்; பிரித்தார்கள், வெட்டினார்கள். உள்ளேயிருந்த கோபால்ட் பதினோரு துண்டாயிற்று. சின்னதாக இருந்த ஒரு துண்டை ஒருவர் தம் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஏப்ரலில் எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்துபோனார்.

1987ல் பிரேஸிலில் கோயானியா நகரத்தில் இதேபோல ஒன்று நடந்தது; நாலு பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே, கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்தின் பாழ்கட்டடத்திலிருந்து சிலர் அந்தக் கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 'எடுத்தது தப்பு' என்று சொல்லிச் சமாதானப்பட்டுக்கொள்ள ஓர் இடமாவது இருந்தது. டெல்லியில் அதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கினார்கள்.

'உபரி' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அது பொருளைப் பற்றிய வர்ணனை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது நம்மைப் பற்றியது. நமக்கு வேண்டாம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. உபயோகத்தில் இருக்கும் கருவி கண்ணில் படுவதில்லை, பழுதாகும்போதுதான் அது ஒரு பொருளாக எதிரே நிற்கிறது என்று ஹைடெகர் 1927ல் எழுதினார். காமா செல்லுக்கு இந்த இரண்டு நிலையும் வாய்க்கவில்லை. பழுதாகி யாரையும் தடுத்து நிறுத்தவில்லை. வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு பத்தி உண்டு. வருஷாவருஷம் குறைந்து மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும். கோபால்ட்-60க்கும் ஒரு தேய்மானம் உண்டு. ஐந்தேகால் வருஷத்துக்கொரு தரம் பாதியாகும். 42 வருஷத்தில் ஏறத்தாழ 250ல் ஒரு பங்கு மிச்சம். கொல்வதற்கு அந்த மிச்சம் போதுமானதாக இருந்தது. அதற்கு ஒரு நாளும் பூஜ்யம் கிடையாது.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2005ஆம் வருஷப் பொது நிதி விதிகள், ஒரு பொருளை உபரி என்று அறிவிப்பதற்கான காரணத்தை, அதை வாங்கும் அதிகாரம் உள்ளவரே எழுதிவைக்கவேண்டும் என்றன. நல்ல விதி. வாங்கியவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும் என்ற பழைய விவேகம் இதில் இருக்கிறது. ஆனால் அதிகாரம் பதவிக்குரியது, ஞாபகம் ஆளுக்குரியது. ஆள் ரிடையர் ஆகிப் போய்விடுகிறார். பதவி கையெழுத்துப் போடுகிறது. கதிர்வீச்சுப் பொருள்களைக் கண்ட இடத்தில் கழிக்கக்கூடாது என்பதற்குத் தனியாக 2004ஆம் வருஷ விதிகளும் இருந்தன. சம்பவத்துக்குப் பிறகு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நோட்டீஸ் அனுப்பி, கதிர்வீச்சுப் பொருள்களைப் பல்கலைக் கழகம் கையாளுவதை நிறுத்திவைத்தது.

'எங்களுக்குத் தெரியாது' என்று இரண்டு தரப்பும் சொல்லலாம். ஆனால் இந்த இரண்டும் ஒரே தெரியாமை அல்ல. இரும்புக் கடைத் தொழிலாளி தெரியாதவர். பல்கலைக் கழகம் மறந்தது. தனி மனிதனின் மறதியை மன்னிக்கலாம். ஞாபகம் வைத்திருப்பதற்கென்றே ஜனங்களின் பணத்தில் கட்டி வைத்த ஓர் இடம் மறப்பது, ஒரு செயலைச் செய்ததாகவே ஆகும். (தமிழ்த் துறைகளைப் பற்றி நம் வட்டத்தில் வழக்கமாகப் பேசுகிற கேலித் தொனி இங்கே செல்லாது. அங்கே மறந்துபோனால் ஆள் சாவதில்லை.)

பொறுப்பு என்பது ஒப்பந்தத்தால் வருவதல்ல, ஒருவர் மேல் நமக்குள்ள சக்தியால் வருவது என்று ஹான்ஸ் ஜோனாஸ் 1979ல் வாதிட்டார். அவருடைய உதாரணம் பிறந்த குழந்தை. பாதி தூரம் அவரோடு போகலாம். அதற்கு மேல் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மாயாபுரித் தொழிலாளி குழந்தை அல்ல. தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து உலோகத்தைச் சொல்கிறவர். எந்தப் பேராசிரியருக்கும் குறையாத ஞானம் அது. காமாக் கதிர் மட்டும் அந்த ஞானத்துக்குள் அகப்படாது. கண்ணுக்கும் தெரியாது, நாற்றமும் இல்லை, சூடும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது பாதுகாவலர் அல்ல, ஒரு தகவல். அதைச் சொல்லியிருந்தால் யாரும் அதை ஏலம் எடுத்திருக்கமாட்டார்கள். ஏலம் விட்டிருக்கவும் முடியாது.

கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் 1946ல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வரையப்பட்டது. பொதுப் பல்கலைக் கழகம் ஒன்றுக்குள் பிறந்த குறி அது. உள்ளே இருப்பவர்களுக்கு அர்த்தமாயிற்று. வெளியே ஒரு பூவோ, காற்றாடியோ. 2007ல் சர்வதேச அணுசக்தி முகமை இன்னொரு குறியைக் கொண்டுவந்தது: சிவப்பு முக்கோணம், மேலேயிருந்து இறங்கும் கதிர்கள், ஒரு மண்டையோடு, ஓடுகிற மனிதன். எந்த எழுத்தும் தெரியாத ஜனங்களுக்கும் புரியவேண்டும் என்பது நோக்கம். அதை ஒட்டவேண்டிய இடம் கருவியின் வெளிப்புறம் அல்ல. உள்ளே, மூலத்துக்கு அருகில். கவசத்தைக் கழற்றுகிறவர் கண்ணில் மட்டும் படும்படி. விற்றவர், வாங்கியவர், கையெழுத்துப் போட்டவர் எல்லோரையும் தாண்டிப்போய், கடைசியாகச் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரைத் தன் வாசகராக அது வரித்துக்கொண்டிருக்கிறது. 1968ல் வாங்கிய கருவிக்குள் அது இருந்திருக்க முடியாது.