காணாமையும் இன்மையும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தின் கடலோரத்தில், மின்ஸ்மியர் என்னும் பறவைக் காப்பிடம் ஒன்று உண்டு. நாணல் அடர்ந்த சதுப்பும், ஆழமில்லாத உவர்நீர்த் தேக்கங்களும், அவற்றுக்குப் பின்னே மணற்பாங்கான புதர்நிலமுமாக விரிந்து கிடக்கும் அவ்விடத்திற்கு, கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஆண்டு முழுவதும் மக்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். 1990களில், அம்மக்கள் நடந்து பழகிய அதே மணலில், பிரிட்டனில் நிலைகொண்டு இனம் பெருக்குவதாக அதுவரை உறுதிப்படாதிருந்த ஒரு குழிநரி இனம், குழிகள் பறித்துக் குடித்தனம் நடத்தி வருவது தெரியவந்தது. யூரோலியான் நாஸ்ட்ராஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ஐரோப்பாக் கண்டத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே பெயர் சூட்டப்பட்ட பழைய அறிமுகந்தான் அது. கிழக்குக் கரையிலும் அதன் சிறகு முளைத்த பருவத்துப் பூச்சி எப்போதாவது ஒன்று அகப்பட்டதுண்டு. ஆனால் அப்படி அகப்பட்டதைக் கடல் கடந்து காற்றில் அடித்து வந்த அந்நியன் என்றே அறிஞர்கள் கருதி வந்தனர். குழிகளும் அவற்றினுள் புழுக்களும் கண்டபிறகே, அது விருந்தாளியன்று, குடியானவன் என்பது ருசுவாயிற்று.

குழிநரி என்றும் குழியானை என்றும் நம் பிள்ளைகள் அழைக்கும் பூச்சியின் உறவினந்தான் இது. புழுதி படிந்த திண்ணையோரத்தில் குந்தி அதன் குழியைக் கிளறிப் பாராத கிராமத்துச் சிறுவன் அருமை. ஆகையால் அதன் வாழ்க்கையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை எனினும், இங்கு எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு வேண்டிய அளவேனும் நின்று பார்ப்பது நலம். மழை நேரே படாத இடமாகப் பார்த்து, கரையின் விளிம்புக்கு அடியிலோ மரவேரின் மறைவிலோ, அப்புழு பின்னோக்கியே நகர்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, தட்டையான தலையால் மணலை வெளியே விசிறி எறிந்து, இனி ஒரு மணி மணல் கூடினாலும் சரிந்துவிடும் என்னும் எல்லை வரையில் சுவர்களைச் செங்குத்தாக்கி, அடியில் புதைந்துகொள்கிறது. வெளியே தெரிவன இரு தாடைகளின் நுனிகள் மாத்திரமே; அவையும் மணல் நிறம். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்துச் சரிந்ததும், கீழிருந்து மணல் வீச்சு எழுகிறது. ஏற முயலும் எறும்பின் காலடி மண்ணே அதனைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தாடைகள் கவ்வி, உள்ளே ரசத்தைச் செலுத்தி, சாரத்தை உறிஞ்சி, வெறுங்கூட்டைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. அப்புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தால், உயிரற்ற மண்கட்டி எனச் சற்று நேரம் அசையாது கிடந்து, பிறகு, பின்புறமாகக் கையைத் துளைக்கப் பார்க்கும். இவ்விதம் பொதுவாக இரண்டு ஆண்டுகள் மண்ணுக்குள் கழித்து, தன் பின்புறத்திலிருந்து சுரக்கும் பட்டிழையால் மணல் மணிகளைப் பிணைத்து உருண்டைக் கூடு கட்டி, கோடைகாலத்து இரவு ஒன்றில் தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுகளோடு வெளிப்பட்டு, சில வாரங்கள் பறந்து திரிந்து, முட்டையிட்டு மடிகிறது. அப்பருவத்திலும் பகலில் அது காய்ந்த சுள்ளியோடு ஒட்டிக் கிடப்பதால் காண்பார் சிலரே.

இந்தக் கண்டுபிடிப்பு எழுப்பும் கேள்வி பூச்சி சாஸ்திரத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்பதன்று. அதற்கு முன்பு, 'இப்பூச்சி இந்நாட்டில் குடியிருக்கவில்லை' என்று அறிஞர்கள் கொண்டிருந்தார்களே, அந்த அறிவு எத்தகைய அறிவு? எந்தப் பிரமாணத்தால் அது பெறப்பட்டது? உள்ளதைக் கண் காட்டும். இல்லாததை எது காட்டும்? நம் முன்னோர் இக்கேள்வியை வெகு சிரத்தையோடு ஆராய்ந்தனர். மணிமேகலையில் அளவைகளைப் பேசும் பகுதியிலும் அபாவம், அதாவது இன்மை, ஒன்றாக எண்ணப்படுகிறது. சிவஞான சித்தியார் அதனையும் எடுத்துரைத்து, பிற அளவைகளோடு காட்சி, கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்குகிறது. காணப்படாமையே இன்மையை அறிவிக்கும் தனிப் பிரமாணம் என்று குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் வாதித்தனர். நையாயிகர், இன்மையும் கண்ணாலேயே காணப்படுகிறது என்றனர். அத்வைத வேதாந்திகளும் அனுபலப்தி என்ற பெயரில் அதனைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றனர். தஞ்சைச் சீமையின் கண்டரமாணிக்கத்தில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய வேதாந்த பரிபாஷையில் இதற்கெனத் தனி அத்தியாயமே உண்டு.

இந்த வாதங்களிலே என் மனத்தை மிகவும் கவர்வது, அவ்வாசிரியர்கள் இட்ட ஒரு நிபந்தனை. வெறுங் காணாமை இன்மையைக் காட்டாது. 'இருந்திருந்தால் கண்டிருப்போம்' என்று சொல்லத் தக்க காணாமையே காட்டும். அதற்கு யோக்கியானுபலப்தி என்று பெயர். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படவில்லையானால் குடம் இல்லை எனலாம்; இருட்டறையில் தென்படாத குடத்தைப் பற்றி அவ்விதம் சொல்லுவதற்கில்லை. தகுதி குடத்திற்கு மட்டும் வேண்டியதன்று. கண்ணுக்கும், ஒளிக்கும், நின்ற இடத்திற்கும் வேண்டியது.

மின்ஸ்மியரிலேயே இதற்கு அழகான சான்று இருக்கிறது. கோணமூக்கு உள்ளான் என்னும் கறுப்பு வெள்ளைக் கரைப்பறவை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் கூடு கட்டுவதை விட்டொழிந்தது. ஏறத்தாழ நூறாண்டு அது அங்கு குஞ்சு பொரிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, எதிரி கரையிறங்காதபடி மின்ஸ்மியரின் மேய்ச்சல் நிலத்தில் நீரைப் பெருக்கி விட்டார்கள். அந்நீர் நிலைத்துச் சேறும் திட்டுகளும் உண்டான பிறகு, 1947இல் அப்பறவை மீண்டும் வந்து கூடு கட்டிற்று. திறந்த சேற்றில் நெடுங்காலோடு நின்று, அணுகியவரைக் கூச்சலிட்டுத் துரத்தும் அத்தனை பெரிய வெண்ணிறப் பறவை நூறாண்டு இருந்திருந்தால் கண்ணுக்குத் தப்பியிருக்க இயலாது. ஆகவே அந்த நூறாண்டின் 'இல்லை' மெய்யான இல்லை. அதே மண்ணில் குழிநரியைக் குறித்துச் சொல்லப்பட்ட 'இல்லை'யோ, பறவையை நோக்கி உயர்த்திய கண்கள் காலடியைப் பற்றிச் சொன்ன இல்லை. இரண்டும் ஒரே சொல்லால் எழுதப்பட்டன. பிரமாண பலத்தில் இரண்டிற்கும் எத்தனை தூரம்!

பௌத்த ஆசாரியரான தர்மகீர்த்தி இதனை இன்னும் கூர்மையாக்கினார். தேசத்தாலோ காலத்தாலோ சுபாவத்தாலோ நமக்கு எட்டாத பொருள் காணப்படாதபோது அக்காணாமையிலிருந்து பிறக்கத்தக்கது சந்தேகம் ஒன்றே, நிச்சயமன்று என்பது அவர் முடிவு. குழிநரியைப் பாருங்கள்: மண்ணுக்கடியில் இருப்பதால் தேசத்தால் எட்டாதது, ஆண்டில் சில வாரங்கள், அதுவும் இரவில் பறப்பதால் காலத்தால் எட்டாதது, மணலின் நிறமே தன் நிறமாக இருப்பதால் சுபாவத்தாலும் ஒருவாறு எட்டாதது. தர்மகீர்த்தி பூச்சியை நினைத்து எழுதியவரல்லர்; எனினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் அவ்விதி சஃபோக் மணலில் அப்படியே பொருந்துகிறது.

இன்மையிலும் வகைகள் உண்டு. இனித் தோன்றப்போவதன் முன்னின்மை, இருந்து அழிந்ததன் அழிவுபாட்டின்மை, முக்காலத்தும் இல்லாமை, ஒன்று மற்றொன்றாக இல்லாமை என நான்காகத் தருக்க நூலார் வகுப்பர். கோணமூக்கு உள்ளானின் இன்மை இரண்டாவது வகை என்பது திட்டமாகத் தெரியும். குழிநரியின் பழைய 'இல்லை' எந்த வகை? கோடைகள் வெம்மையுறவே கடல் கடந்து புதிதாக வந்து குடியேறியது என்றால், முன்னின்மை. சனங்களின் கண்ணில் படாமல் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தது என்றால், அஃது இன்மையே அன்று. நம் அறியாமைக்கு இட்ட புனைபெயர். குழியைக் கண்டவர் கையில் கிடைத்தது 'இங்கே, இப்போது, இருக்கிறது' என்ற ஒன்றே. கண்ட நாளையே வந்த நாளாகக் கொள்வது, கதவைத் திறந்தவன் தானே அறையைக் கட்டினான் என்பதற்கு ஒப்பாகும்.

ஒரு குழி எவ்வளவு சாட்சி சொல்லும் என்பதை இதே குலத்துப் பூச்சியை வைத்து வேறொருவரும் எண்ணிப் பார்த்ததுண்டு. 1836 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில், வாலரவாங் என்னும் பண்ணையருகே, இளைஞரான சார்லஸ் டார்வின் வெயிலடிக்கும் கரையொன்றில் சாய்ந்து, அந்நாட்டு விலங்குகள் உலகின் ஏனைய விலங்குகளினின்று இத்தனை வேறுபட்டிருப்பதைக் காணும் அவிசுவாசி ஒருவன், சிருஷ்டிகர்த்தாக்கள் இருவர் தனித்தனியே வேலை செய்தனர் போலும் என்று கூறிவிடக்கூடுமே எனச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் அவர் கண்ணெதிரே குழிநரியின் குழி ஒன்று. ஈ விழுந்து மறைந்தது; பின் எறும்பு விழுந்து தத்தளிக்க, மணல் வீச்சு எழுந்தது. ஐரோப்பியக் குழியில் ஏறத்தாழப் பாதியளவே இருந்த அக்குழியைக் கண்டு, அதே குலத்தின் வேறோர் இனம் என்று தெளிந்தார். இத்தனை எளியதும் இத்தனை நுட்பமானதுமான ஒரே உபாயத்தை இரு வேறு சிற்பிகள் தனித்தனியே நினைத்திருக்க முடியுமா என்று கேட்டு, உலகம் முழுவதிலும் வேலை செய்தது ஒரே கை என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவருடைய பயண நூலுக்கு 1845இல் வந்த திருத்திய பதிப்பில் குழியின் வருணனை நின்றது; கர்த்தாவைப் பற்றிய பேச்சு நீங்கியது. ஒரே கை என்று அவர் அன்று கண்ட இடத்தில் பின்னாளில் ஒரே மூதாதையைக் கண்டார். பிரத்தியட்சம் மாறவில்லை, குழியும் எறும்பும் அவையே. அனுமானம் மாறிற்று.

நான் ஆஸ்திகன். ஆயினும் டார்வின் அந்தப் பேச்சை நீக்கியது எனக்கு வருத்தம் தரவில்லை. ஒரு குழியின் தோளில் அத்தனை பெரிய பாரத்தை ஏற்றாது விட்டதே சத்தியத்திற்குச் செய்த மரியாதை. அவ்வாறே, கண்ணுக்குப் படவில்லை ஆதலின் கடவுள் இல்லை என்பவரிடம் நான் கேட்பதும், 'இருந்திருந்தால் இன்ன இடத்தில், இன்ன விதமாகக் கண்டிருப்போம்' என்று அவர் காட்டத்தக்க இடம் எது என்பதையே. குடத்தைத் தேடுவதற்குத் தரை இருக்கிறது. ஈசுவரனைத் தேடுவதற்குரிய தரை எது? இதைக் கேட்கும்போது நம்மவர் பலர் வாதம் வென்றதாக மகிழ்ந்து எழுந்துவிடுகிறார்கள். அது சரியன்று. காணாமை இன்மையைக் காட்டவில்லை என்பதால் உண்மை நிறுவப்பட்டுவிடாது. மிஞ்சியது தர்மகீர்த்தி சொன்ன சந்தேகமே. அந்த ஆசாரியரே ஈசுவரனை வேறு நியாயங்களால் மறுத்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. காணப்படாத பொருள்களுக்கெல்லாம் இவ்விதி இடங்கொடுக்குமாயின் பேய்க்கும் பிசாசுக்கும் சேர்த்தே இடங்கொடுக்கும். ஆஸ்திகன் தன் நம்பிக்கையை வேறிடத்தில், சுருதியிலோ அனுபவத்திலோ, ஊன்றிக்கொள்ளத்தான் வேண்டும். பிறர் காணாமையில் அதனைப் பதுக்கி வைக்கலாகாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், 'இல்லை' என்று சொல்பவனுக்கு 'உண்டு' என்று சொல்பவனைவிட அதிகத் தகுதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. உண்டு என்பவன் ஓரிடத்தைக் காட்டினால் போதும். இல்லை என்பவன் எல்லா இடங்களையும், தன் கண்ணையும் சேர்த்து, சோதித்திருக்க வேண்டும்.

இது வெறும் தருக்கச் சண்டையன்று என்பதை அந்தச் சஃபோக் மணலே சொல்லும். சாண்ட்லிங்ஸ் என்று வழங்கும் அக்கடலோரப் புதர்நிலத்தின் பெரும்பகுதி விளைநிலமாயிற்று. 1920களிலிருந்து ஊசியிலை மரங்கள் நட்டதில் இன்னொரு பகுதி காடாயிற்று. இன்று மின்ஸ்மியருக்குத் தெற்கே சைஸ்வெல் அணுமின் நிலையம் நிற்கிறது. அங்கு மூன்றாவது நிலையத்திற்கு 2022இல் அனுமதி வழங்கப்பட்டது. நிலத்தை மாற்றும் ஒவ்வொரு வேளையிலும் 'இங்கு என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு ஒருவர் விடை எழுதுகிறார். எழுதிய விடையில் இல்லாத ஜீவனுக்கு வழக்காட நாதியில்லை. அன்று உழுத குடியானவன் கண்ணில் அக்குழிகள் பட்டிருந்தாலும், எலி பறித்ததோ மழைத்துளி விழுந்ததோ என்று அவன் கடந்து போயிருப்பான். அவன்மேல் குறை இல்லை. ஆனால் ஏட்டில் எழுதுபவர், தேடிக் காணாததையும் தேடவே தேடாததையும் ஒரே 'இல்லை'யில் அடக்குவாரானால், அவர்மேல் குறை உண்டு. எந்த மாதத்தில், எந்தப் பொழுதில், எந்த மண்ணில், சிறகையா குழியையா தேடினார் என்பதும் அந்த ஏட்டில் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மின்ஸ்மியரில் குழியின் உருவம் தெரிந்த பிறகு, சாண்ட்லிங்ஸின் வேறு இடங்களிலும் அதே குழிகளைக் கண்டார்கள். பின்னர் வடக்கே நார்ஃபோக் கரையில், ஹோல்கம் மணல்மேட்டுப் பகுதியிலும் ஒரு குடியிருப்பு அகப்பட்டது. இப்போது அங்கே செல்பவர்கள் குனிந்து, பைன் மர வேர்களுக்கு இடையேயுள்ள உலர்ந்த மணலையும் பார்க்கிறார்கள்.