கயிற்றின் மறுமுனை

உறங்கினான் ஒரு மாணவன். ஒன்பதாம் வகுப்பு, முற்பகல் முதல் பாடவேளை. நாம் நடத்திக்கொண்டிருந்ததோ திருக்குறளில் அருளுடைமை! அருளைப் பற்றி அழகுறப் பேசிக்கொண்டிருந்த நமக்கு அவன் உறக்கம் அவமதிப்பாகப் பட்டது. எழுப்பினோம், ஏசினோம், வெளியே நிற்கவைத்தோம். மறுநாளும் உறங்கினான், மூன்றாம் நாளும் உறங்கினான். அன்றுதான் அவன் வலக்கை மணிக்கட்டில் கயிறு உராய்ந்த தழும்பைக் கண்டோம்.

திருச்சுழி வட்டாரத்துக் கரிசற் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது அவன் வீடு. ஆற்றில் மணல் உண்டு, நீர் இல்லை; காட்டில் சீமைக் கருவேலம் உண்டு, கம்பும் சோளமும் இல்லை. தந்தை அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தவர். குடி முற்றிக் கை நடுங்கி, இழை பிடிக்க இயலாமல் ஊர் திரும்பியவர். கையில் காசற்ற நாளில் குடி தானே நிற்கும். நின்ற இரண்டாம் மூன்றாம் இரவில், சுவரெல்லாம் பாம்பு ஊர்கிறதென்று அலறுவார். யாரோ அழைப்பதாகச் சொல்லிக் கிணற்றை நோக்கி ஓடுவார். தாய் விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டியைப் பிடிக்கவேண்டியவள். ஆகவே பதினான்கு வயதுப் பையன், கயிற்றின் ஒரு முனையைத் தந்தையின் காலில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பான். அவர் எழுந்தால் இவனும் எழவேண்டும். விழித்திருந்து தொண்டு செய்தவனை, உறங்கினான் என்று தண்டித்திருக்கிறோம் நாம்!

மனிதனை மனிதன் கட்டிவைக்கலாமா? மேடையில் கேட்டால், கூடாது என்ற விடை கைதட்டலோடு வரும். அந்த விடையை அந்தப் பையனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே! "அவிழ்த்துவிடுகிறேன் ஐயா, இராத்திரி யார் விழித்திருப்பது?" என்று கேட்பான். அதற்கு விடை வைத்திருப்பவனுக்குத்தான் கட்டாதே என்று சொல்லும் தகுதி உண்டு என்று கருதுகிறோம்.

ஏர்வாடியை நினைத்துக்கொள்கிறோம். 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஏர்வாடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அந்தக் கடலோரச் சிற்றூரில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றிற்று. 28 பேர் மாண்டனர். ஓடுவதற்குக் கால்கள் இருந்தன. அந்தக் கால்களிலே சங்கிலிகள் இருந்தன!

தர்காவின் நீரும், அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் பித்தம் தெளிவிக்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் பலர். மூடநம்பிக்கை கொன்றது என்றனர். பொய்யன்று, ஆனால் முழு மெய்யும் அன்று. கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? பெரும்பாலோர் நம் மாணவனைப் போன்றவர்கள். ஆண்டுக்கணக்கில் உறங்காதவர்கள், அண்மையில் மருத்துவம் இல்லாதவர்கள், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாதவர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் காப்பகத்துக்கு வந்தார்கள். காப்பகத்திலும் போதிய ஆளில்லை. ஆளில்லாத இடத்தை இரும்பு நிரப்பிற்று. மாணவன் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு மகன் இருந்தான். ஏர்வாடிச் சங்கிலியின் மறுமுனையில் எவருமே இல்லை.

இதைச் சட்டமும் உணர்ந்தே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 95ஆம் பிரிவில் தடுக்கிறது. 97ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது: உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மருத்துவர் இசைவோடு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம், தண்டனையாகக் கூடாது, பணியாளர் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கூடாது! மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது அதே சட்டம். ஆக, சுவரில் பாம்பு கண்ட நெசவாளியும் அதன் காப்புக்கு உரியவரே. "குடித்துக் கெட்டவன்தானே" என்று உதட்டைப் பிதுக்குவோர் இதை ஒருமுறை படிக்கட்டும்.

சங்கிலி அறுத்த வரலாற்றில் பிரெஞ்சு மருத்துவர் பினேலின் பெயர் ஓங்கி ஒலிக்கும். ஓவியர்கள் அவரையே தீட்டினர். ஆனால் பாரிசில், பிசேத்ர் மனநோயர் விடுதியில், 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் மருத்துவரல்லர். புசேன் என்ற பணியாளர். முன்னாள் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்கு அதே பிசேத்ரில் படுத்திருந்தவர். நலமடைந்த நோயாளிகளையே பணியாளராக அமர்த்திக்கொண்டார், அடித்தலைத் தடுத்தார். சங்கிலிக்கு மாற்றாகக் கையை மடக்கிக் கட்டும் அங்கி வந்தது என்பதையும் மறைக்கவேண்டா. ஆயினும், ஆளை வைத்தபிறகே இரும்பை எடுக்க முடிந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். மருத்துவர் வந்து போவார். இரவில் இருப்பவர் செவிலியரே.

அவர் செய்வதுதான் என்ன? மருந்தை எழுதுபவர் மருத்துவர். நடுக்கத்தையும் வியர்வையையும் நாடியையும் மணிக்கணக்கில் நோக்கி, வலிப்பு வருமுன் எச்சரிக்கை பெறுபவர் செவிலியர். குடியால் வற்றிய உடலுக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் என்ற உயிர்ச்சத்தைத் தரவேண்டும்; தவறினால் மூளை கெடும். அதைக் காப்பவரும் அவரே. அறையில் விளக்கெரியவேண்டும், ஏனெனில் நிழல்தான் பாம்பாகிறது. "இது மருத்துவமனை, இன்று செவ்வாய், உங்கள் பெயர் இன்னது" என்று ஒரே குரல் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். பேயோட்டுபவன் உடுக்கை அடித்து, "நீ யார்?" என்று பேயைக் கேட்கிறான். செவிலியரோ, அவன் யார் என்பதை அவனுக்கே நினைவூட்டுகிறார்.

இதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், ஊதியம் வேண்டும். "எங்கே இருக்கிறது பணம்?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. கடைக்கு ஆள் வைக்கத் தெரிந்த அரசுக்குக் கட்டிலருகே ஆள் வைக்கத் தெரியாதா?

இனி, நம்மையே உறுத்தும் கேள்வி. தேறி வீடு சென்றவன் மீண்டும் குடித்துவிட்டு வந்தால்? இரண்டாம் முறையும் அதே பணிவிடையா? மூன்றாம் முறை? நமக்கும் சினம் வருகிறது, ஒளிப்பானேன்! ஆனால் சர்க்கரை நோயாளி பாயசம் குடித்துப் புண்ணோடு வந்தால், அவர் காலைக் கழுவிக் கட்டாமல் எவரும் திருப்பி அனுப்புவதில்லை. நம் சினம் நோயின்மேல் அன்று. நம் உதவி வீணாயிற்றே என்னும் தற்பெருமையின் காயம் அது. வகுப்பறையில் உறங்கியவன்மேல் வந்த சினமும் அதே இனம்தான்.

நாம் உடன்சென்று, அந்தத் தந்தையை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒருவரே பல கட்டில்களைப் பார்க்கும் இரவுப் பணி. பையன் பழக்கத்தால் பையிலிருந்து கயிற்றை எடுத்தான். செவிலியர் அதை வாங்கிச் சுருட்டிச் சன்னல்மேல் வைத்தார். "நீ போய்ப் படு தம்பி, நான் முழிச்சிருக்கேன்" என்றார். வராந்தாவில் படுத்தவன் மறுநாள் நண்பகல் வரை எழவில்லை.

ஐந்து திங்கள் கழித்து, அவர் மீண்டும் அங்கே சேர்க்கப்பட்டார். பையன் இம்முறை கயிறு கொண்டுபோகவில்லை.